இராகத்தலைவனும் எங்கள் பேண்ட் மாஸ்டரும்

எங்கள் கிறிஸ்தவ சபையின் ஆண்டு மலருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு அனுபவம் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாத்தியார்மார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நர்ஸ் அம்மாக்களும் கொடுத்துவிட்டார்கள். பக்கம் மிச்சம் இருந்ததோ என்னவோ, என்னிடமும் வந்துவிட்டார்கள். பேண்ட் செட்டில் பெரிய டிரம் அடித்தவனுக்கு யாரும் சால்வை போர்த்தி ஓய்வு கொடுப்பதில்லை. ஒரு நாள் முதுகு நோட்டீஸ் கொடுத்தது, நான் டிரம்மை இறக்கி வைத்தேன். அவ்வளவுதான் என் பிரிவு உபசார விழா.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்பிலேயே பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. அதனால் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மருமகள். அவளும் நர்ஸ்தான். என் பேச்சுக்கு மருந்து வைத்துக் கட்டுப் போட்டு, நல்ல தமிழாக ஆக்கித்தான் வெளியே அனுப்புகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள். பொய் இருந்தால் என்னைக் கேளுங்கள்.

விருதுநகரில் என் அப்பா மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டை தூக்கினார். என்னையும் அதே வேலையில் விட்டார். எனக்குத் தும்மல் நிற்கவில்லை. மண்டிக்காரர் என்னை வெளியே அனுப்பினார். நேரே பேண்ட் செட்டில் போய் நின்றேன். ட்ரம்பெட் கொடுத்தார்கள், காற்று மட்டும் வந்தது. கிளாரினெட் கொடுத்தார்கள், அதுவும் வரவில்லை. கடைசியில் மாஸ்டர் ஞானமுத்து என்னை மேலும் கீழும் பார்த்து, "வயிறு நல்லா முன்னால இருக்குலே. பெரிய டிரம்ம இதுல சாத்திக்கிடலாம்" என்றார். என் இசைப் பயிற்சி அத்தோடு முடிந்தது.

மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளாரினெட் அவர் வாத்தியம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் பாடகர் குழுவையும் அவர்தான் நடத்தினார். யூனிபார்ம் போட்டுவிட்டால் பேச மாட்டார். வெள்ளை ஷூவில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. யாராவது தப்பாக வாசித்தால் திட்ட மாட்டார். கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்து, கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்து, தப்பு செய்தவனின் வாத்தியத்தை மட்டும் பார்ப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். என் டிரம்மைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறார். அந்தத் தோலுக்கு வெட்கம் இருந்திருந்தால் என்றைக்கோ கிழிந்திருக்கும்.

தெருவில் அவர் பேசுவது ஒன்றே ஒன்றுதான். அடுத்து என்ன வாசிக்க வேண்டும் என்று தலையைக் கால்வாசி திருப்பிச் சொல்வார். முதலில் மெட்டின் பெயர். அடுத்து யார் யார் வாசிப்பது. கடைசியில் வேகம். "வத்தல். எல்லாரும். வேகமா." "ஆலங்குளம். கிளாரினெட், சைடு டிரம். மெதுவா." தந்தி அடிப்பது மாதிரி இருக்கும்.

அந்தப் பெயர்களை நீங்கள் எங்கே தேடினாலும் கிடைக்காது. நாங்கள் வைத்த பெயர்கள். ஒரு மெட்டை முதல் தடவை வாசித்தபோது என்ன நடந்ததோ, அதுவே அதற்குப் பெயர். ஒரு கல்யாண ஊர்வலம் வத்தல் மண்டி வழியாகப் போனபோது நெடி ஏறி பேண்ட் மொத்தமும் தும்மியது. அன்றைக்கு வாசித்தது "வத்தல்". ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலைக்காரர் வீட்டு விசேஷத்தில் புதிதாகப் பழகியது "ஆலங்குளம்". சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளையின் சேக்காளிகள் எங்கள் காலடியிலேயே பெரிய சரத்தை விரித்துவிட்டு ஊதுபத்தியோடு வந்தார்கள். யூனிபார்மில் பேசாத மாஸ்டர் அன்றைக்கு ஒரே ஒரு தடவை, "கொளுத்தாதே" என்றார். உடனே ஒரு மெட்டை எடுத்துவிட்டார், நாங்கள் வாசித்தபடியே பின்னால் நகர்ந்தோம். அந்த மெட்டுக்கு "கொளுத்தாதே" என்று பெயர் நின்றுவிட்டது.

இதனால் தொந்தரவும் உண்டு. சூலக்கரையில் ஒரு பெண்ணின் தகப்பனார், மாஸ்டர் "ஆலங்குளம்" என்றதைக் கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "ஏன் அண்ணாச்சி, எங்க வீட்டு விசேஷத்தப் பாதியில விட்டுட்டு ஆலங்குளம் கிளம்புறீகளா?" என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம் என்று சொன்னேன். மாஸ்டர் என் டிரம்மைப் பார்த்தார்.

மாஸ்டர் காலமான பிறகு கிளாரினெட் அந்தோணி பேண்டை எடுத்து நடத்தினான். அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபைக்குப் புது ஐயர் வந்தார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயசு, எபிரெயு பாஷை படித்தவர். ஆராதனையில் வேதத்திலிருந்து சங்கீதம் வாசிக்கும்போது மற்றவர்கள் எல்லாம் முதல் வசனத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். மேலே சின்னதாக இருக்கிற தலைப்பை யாரும் தொடுவதில்லை. இவர் அதையும் விடாமல் வாசித்தார். கித்தீத் என்னும் வாத்தியத்தில் வாசிக்க இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது என்பார். இராகத்தலைவன் என்றால் அந்தக் காலத்துப் பாட்டு மாஸ்டர். செமினீத் என்பார், அலமோத் என்பார். ஒரு ஞாயிறு "அல்தஷ்கேத்" என்றார். கடைசி பெஞ்சில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். நான் தும்மினதுபோல் மாற்றிக்கொண்டேன். அந்தத் தொழிலில் எனக்கு அனுபவம் உண்டு.

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஐயரைப் பிடித்தேன். அது என்ன பாஷை, யாரைத் திட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அல்தஷ்கேத் என்றால் "அழிக்காதே" என்று அர்த்தம், அது அநேகமாக ஒரு பழைய மெட்டின் பெயராக இருக்கலாம், அந்தப் பாட்டை அந்த மெட்டில் பாட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார். இன்னொரு தலைப்பு "தூரத்தில் இருக்கிற ஊமைப் புறா" என்கிற மாதிரி வருமாம். அதுவும் மெட்டாக இருக்கலாம். அலமோத் என்றால் பெண்பிள்ளைகள் குரலில் பாடுவது என்று சிலர் சொல்கிறார்களாம். செமினீத் என்றால் எட்டாவது. எட்டு நரம்பா, எட்டாவது சுரமா, கீழ்க்குரலா, யாருக்கும் நிச்சயம் இல்லையாம். கித்தீத் ஒரு வாத்தியமாக இருக்கலாம், ஒரு ஊரின் மெட்டாகவும் இருக்கலாம், திராட்சை மிதிக்கிறவர்கள் பாடின பாட்டாகவும் இருக்கலாம் என்றார்.

மெட்டின் பெயர், யார் வாசிப்பது, எப்படி வாசிப்பது. இது எங்கள் மாஸ்டர் தலையைக் கால்வாசி திருப்பிச் சொல்கிற சங்கதி அல்லவா? "அழிக்காதே" என்று ஒரு மெட்டுக்குப் பெயர் இருந்தால், அதை முதன்முதலில் வாசித்த தெருவிலும் எவனோ ஒருவன் எதையோ செய்யப் போய், ஒரு மாஸ்டர் அதட்டியிருப்பார். ஐயர் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். இருக்கலாம், இல்லை என்று சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை என்றார்.

"அந்த மெட்டெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கு ஐயரே?"

"யார்கிட்டயும் இல்ல. எப்பவோ மறந்து போச்சு."

"பெறகு எதுக்குத் தலைப்ப வாசிக்கீக?"

"வேதத்தக் கையால பிரதி எடுத்தவங்களுக்கும் அர்த்தம் தெரியல, சகாயம். ஆனாலும் ஒரு சொல்லக்கூட அவங்க தூக்கிப் போடல. நான் எப்படி விடுறது?"

நல்ல பதில்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. பிரயோசனம் செல்லத்தாய் வந்தபோதுதான் தெரிந்தது.

செல்லத்தாய் எங்கள் மாடசாமியின் பெண்சாதி. சிவகாசிப் பக்கம் ஒரு ஊர். பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற வேலை. மாடசாமியும் வாரநாளில் ஆலைக்குப் போய்விட்டு, முகூர்த்த சீசனில் எங்களோடு ட்ரம்பெட் வாசிப்பான். அவன் வாசித்தால் நின்று கேட்க வேண்டும். நான் நின்று கேட்டதில்லை, அந்தக் கதைக்கு வருகிறேன்.

மாஸ்டர் இருந்த காலத்தில் ஒரு தடவை கல்யாண வீட்டுக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. பின்னாலேயே ஒரு ஆள் சைக்கிளை மிதித்து வந்து ஜன்னலைத் தட்டி, மாடசாமிக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார். மாடசாமி ட்ரம்பெட்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி வாசித்தான். அதுவரைக்கும் யாரும் கேட்காத மெட்டு. ரயில் போகிறது, இவன் வாசிக்கிறான். கேட் திறந்தும் வேன் நகரவில்லை, டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் தலையைக் கால்வாசி திருப்பி, "கேட். ட்ரம்பெட் மட்டும்" என்றார். பெயர் வைத்தாகிவிட்டது.

அதற்கு அப்புறம் எந்தக் கல்யாணத்திலும், பெண் தகப்பன் வீட்டு வாசலை விட்டு இறங்கும்போது மாஸ்டர் அதைத்தான் சொல்வார். "கேட். ட்ரம்பெட் மட்டும். பெருசு வேண்டாம்." பெருசு என்றால் நான். மாடசாமி ஒற்றை ஆளாக வாசிப்பான், பெண்ணைப் பெற்றவர்கள் அழுவார்கள். அவன் முடித்ததும் நான் ஒரே ஒரு அடி அடிக்க வேண்டும். அந்த அடியில் பேண்ட் மொத்தமும் அடுத்த மெட்டை எடுக்கும். அவன் வாசிக்கிற நேரம் மற்றவர்களுக்கு ஓய்வு. அந்தோணி தண்ணீர் தேடிப் போவான். சைடு டிரம்காரன் பந்திப் பக்கம் எட்டிப் பார்ப்பான்.

மாரீஸ்வரி, அதுதான் மாடசாமியின் மகள், பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் ஆலையில் ஒரு ஷெட்டில் தீப்பிடித்து மாடசாமி போய்விட்டான். அவனை எடுத்தபோது நாங்கள் எல்லாரும் போனோம். மாஸ்டர் கிளாரினெட்டில் "கேட்" வாசிப்பார் என்று நினைத்தேன். அவருக்கு அந்த மெட்டு தெரியும். வாயருகே கொண்டுபோய் இறக்கிவிட்டார். அது அவன் சத்தம் என்று மட்டும் சொன்னார். அதோடு அந்தத் தலைப்பை அவர் வாயால் சொல்லவே இல்லை.

மாரீஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமாகி செல்லத்தாய் பேண்டுக்குச் சொல்ல வந்தபோது மாஸ்டரும் இல்லை. அந்தோணி வீட்டில் நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் வாசிச்சு அனுப்பி வச்சாரு. அவரு பெத்த பிள்ளை படியிறங்கையில அது இல்லைன்னா எப்படிண்ணே? அத மட்டும் வாசிச்சிருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

வாசிக்கலாம்தான். யாருக்குத் தெரியும்? அந்தோணி கிளாரினெட்டை எடுத்து ஒன்று வாசித்தான். அவள் தலையை ஆட்டினாள். சைடு டிரம்காரன் ஒன்றை முணுமுணுத்தான். அது போகப் போக சினிமாப் பாட்டாகிவிட்டது. நானும் பாடிப் பார்த்தேன். என் பாட்டைக் கேட்டு அந்தோணி வீட்டுக் கோழி எழுந்து போனது. நாங்கள் அத்தனை பேரும் அந்த மெட்டுக்குப் பக்கத்திலேயே நின்று, தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். ஒருத்தன் காதிலும் அது ஒட்டவில்லை. செல்லத்தாயைப் பாடச் சொன்னோம்.

"காதுக்குள்ள இருக்குண்ணே. வாய்க்கு வர மாட்டேங்குது" என்றாள்.

யாரும் பேசாத இடத்தில் என்னால் உட்கார முடியாது. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்போம் என்று ஐயர் சொன்ன கதையை எடுத்துவிட்டேன். எங்கள் வேதத்திலும் இப்படித்தான், மெட்டின் பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை, ஆனாலும் எங்கள் ஐயர் விடாமல் தலைப்பை வாசித்துவிட்டு உட்காருகிறார் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. செல்லத்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அதே மாதிரி செய்ங்க. மாஸ்டரு சொல்லுவாருல்ல, அதச் சொல்லுங்க. சொல்லிட்டு எல்லாரும் சும்மா நில்லுங்க. அவரு வாசிக்கிற நேரத்த அவருக்கு விட்ருங்க."

அந்தோணி பதறிவிட்டான். கல்யாண ஊர்வலத்தில், அதுவும் பெண் படியிறங்குகிற நேரத்தில் மேளச் சத்தம் நிற்கலாமா, மாப்பிள்ளை வீட்டார் சகுனம் பார்க்கிறவர்கள், நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தால்கூட இதைத்தான் சொல்லிக் காட்டுவார்கள் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. செல்லத்தாய்க்கும் அது தெரியும். புருஷன் இல்லாதவள் பேச்சுக்கு அந்த வீட்டில் எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பதும் தெரியும். சம்பந்தியம்மாளிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். பேசினாள் என்றும், அந்தம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்றும் பிறகு தெரிந்தது.

"சரி, எம்புட்டு நேரம் நிக்க?" என்று அந்தோணி கேட்டான். "நாம பாட்டுக்கு நின்னா அது வாசிச்ச மாதிரி ஆகுமா? முடியுற இடம் தெரிய வேண்டாமா?"

"அது எனக்குத் தெரியும்" என்றேன்.

பேண்டில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விஷயம் இதுதான். மாடசாமி வாசிக்கும்போது நான் கேட்டதில்லை என்று சொன்னேன் அல்லவா? எனக்கு வேலை இருந்தது. அவன் ஆரம்பித்ததும் டிரம் பெல்ட்டைத் தளர்த்துவேன். டிரம்மை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் தள்ளுவேன். கழுத்து வேர்வையைத் துடைப்பேன். கழன்று கிடக்கிற சாக்ஸை இழுத்துவிடுவேன். டிரம்மைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து பெல்ட்டை இறுக்கி, குச்சியைத் தூக்குவேன். அவன் முடிப்பான், நான் அடிப்பேன். முதலில் எல்லாம் முந்திப் பிந்தி அடித்து, மாஸ்டர் என் டிரம்மைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் என் வேலையும் அவன் மெட்டும் ஒரே நீளத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. மெட்டு போய்விட்டது. என் சாக்ஸ் இருக்கிறது.

வீட்டில் டிரம்மை மாட்டிக்கொண்டு பழகிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன செய்றீக?"

"பிராக்டிஸ்."

"சத்தத்தையே காணோம்?"

"அதான் பிராக்டிஸ்."

மருமகளிடம், இந்த மனுசனுக்கு எதற்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடு என்று சொன்னாள்.

பெண் அழைப்பு வெயில் தாழ்ந்த பிறகு. வீட்டு வாசலில் தெரு நிறைய ஆட்கள். ஆலையில் செல்லத்தாயோடு வேலை பார்க்கிற பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், விரலில் வெடிமருந்துக் கறை போகாமல் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு. ஐயரும் வந்து ஓரமாக நின்றார். நான்தான் கூப்பிட்டிருந்தேன். நாங்கள் "வத்தல்" வாசித்து முடித்தோம். மாரீஸ்வரி நிலைப்படிக்கு வந்தாள். அந்தோணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாஸ்டர் மாதிரியே தலையைக் கால்வாசி திருப்பினான்.

"கேட். ட்ரம்பெட் மட்டும். பெருசு வேண்டாம்."

எல்லாரும் வாத்தியத்தை இறக்கினார்கள். அன்றைக்கு யாரும் தண்ணீர் தேடிப் போகவில்லை.

பெல்ட்டைத் தளர்த்தினேன். மாரீஸ்வரி படியிறங்கினாள். அத்தனை கூட்டத்தில் ஒரு கல்யாணத் தெரு எவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. டிரம்மை வலது பக்கம் தள்ளினேன். மாப்பிள்ளையின் பெரியப்பா, நல்ல உயரமான ஆள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"என்னப்பா மேளம் நின்னு போச்சு? இதென்ன எழவு வீடா?"

என் வாயில் எப்போதும் நாலு பதில் தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கணக்கு விட்டுப் போகும். கழுத்தைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். அவர் அந்தோணியைப் பார்த்தார், புதுசாக வந்த ட்ரம்பெட்காரப் பையன் ஊதாமல் பிடித்திருந்த ட்ரம்பெட்டைப் பார்த்தார். ஆலைப் பெண்கள் எல்லாரும் தலை குனிந்து நின்றதையும் பார்த்தார். சம்பந்தியம்மாள் பின்னால் வந்து அவர் கையைப் பிடித்தாள். என்ன சொன்னாளோ தெரியாது, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டேன். நிமிர்ந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. நீளம் தப்பிவிடுமோ என்று பயமாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் டிரம்மோடு பயந்தது அன்றைக்குத்தான். டிரம்மை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பெல்ட்டை இறுக்கினேன். குச்சியைத் தூக்கினேன்.

அடித்தேன்.

அந்த அடிக்கு அந்தோணி அடுத்த மெட்டை எடுத்திருக்க வேண்டும். அவன் எடுக்கவில்லை. நாங்கள் எல்லாரும் செல்லத்தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மகளின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றாள். டிரம் சத்தம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து ஓய்ந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளை லேசாக முன்னால் தள்ளினாள்.

"உங்கய்யா வாசிச்சு முடிச்சிட்டாருடி. நட."